கண்ணால் காணாத ஏலம்



ஏலம் என்றால் என்ன என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. மாரியம்மன் கோவில் திருவிழா முடிந்த இரவில், அம்மன் பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழத்தையும் கரும்பையும் தேங்காயையும் ஏலம் விடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். கடையில் ஒரு வெள்ளி கூடப் பெறாத பழம் இருநூறு வெள்ளிக்குப் போகிறது. யார் கேட்கிறார், யார் விட்டுக்கொடுக்கிறார், எந்த மண்டோருக்கும் எந்த லாரி ஓட்டுநருக்கும் போட்டி என்பதெல்லாம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். கேட்டவர் பணம் கட்டாமல் போனால் மறுநாள் பெரட்டில் தலை நிமிர்ந்து நிற்க முடியாது.

நம் தாத்தாமார் வெட்டிய பாலும் ஏலத்துக்குப் போனதுதான். சிங்கப்பூரில் ரப்பரை ஏலம் விடும் வழக்கம் 1911ஆம் ஆண்டில் தொடங்கியது. தேயிலைக்குக் கொழும்பில் 1883ஆம் ஆண்டிலேயே ஏலம் வந்துவிட்டது. அந்தக் கொழும்பு ஏலம் கோவிட் காலத்தில், 2020 ஏப்ரலில், மண்டபத்தை விட்டு இணையத்துக்கு மாறிற்று. வாங்குபவர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே தேயிலை விற்பனையாகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏலத்துக்கு முன்பே தேயிலையின் மாதிரி வாங்குபவர்களுக்குப் போய்விடும். அவர்கள் அதைக் கொதிக்கவைத்துச் சுவைத்துப் பார்த்த பிறகே விலை கேட்பார்கள். நடுவே தரகர் இருக்கிறார். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது.

மாதிரியும் இல்லாமல், தரகரும் இல்லாமல், முகவரியும் இல்லாமல் நடக்கும் ஏலத்தில் நாங்கள் போய் விழுந்த கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம். நாங்கள் என்றால், ஜோகூரில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர்கள் மூவர். கதையில் தப்பு யாருடையது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம். எங்களுடையது.

எங்கள் பள்ளியில் தேவார வகுப்புக்கு ஓர் ஆர்மோனியம் தேவைப்பட்டது. பழையது கரையான் அரித்துப் போயிற்று. போட்டிக்குப் போகும் பிள்ளைகள் சுருதி இல்லாமல் பாடிப் பாடி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்டையில் நின்றார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசி, ஐம்பது குடும்பங்கள் ஆளுக்கு இருபது வெள்ளி கொடுத்தார்கள். மொத்தம் ஆயிரம் மலேசிய வெள்ளி. சிங்கப்பூர்க் காசுக்கு மாற்றினால் ஏறக்குறைய முந்நூறு வெள்ளி வரும். இனி நாங்கள் சொல்லும் வெள்ளிக் கணக்கெல்லாம் சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை கடற்பாலம் கடந்து லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். சிராங்கூன் சாலையில் விசாரித்த கடைகளில் புதிய ஆர்மோனியத்துக்கு எழுநூறு வெள்ளிக்குக் குறையாமல் சொன்னார்கள். கடைக்காரர் ஒருவர் துருத்தியை அசைத்து வாசித்தும் காட்டினார். இனிமையாகத்தான் இருந்தது. கேட்டுவிட்டு, தேக்கா உணவங்காடியில் ஆளுக்கொரு தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

பழைய நாளாயிருந்தால் நாங்கள் நேரே சுங்கை ரோட்டுக்கு நடந்திருப்போம். தேக்காவிலிருந்து கொஞ்ச தூரம்தான். 1930களில் தொடங்கிய அந்தப் பழம்பொருள் சந்தையைத் திருட்டுச் சந்தை என்று ஊரார் அழைப்பார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் விடுமுறைதோறும் அங்கே போயிருக்கிறோம். தார்ச் சாலையில் துணியை விரித்துக் கடிகாரம், ரேடியோ, பித்தளைச் செம்பு, பழைய காசு, ஒற்றைச் செருப்பு என்று எதையும் பரப்பி வைத்திருப்பார்கள். மின்கலம் போட்டு ரேடியோ பாடுகிறதா என்று கேட்டுவிட்டு வாங்கலாம். பத்து வெள்ளி சொன்னால் மூன்றுக்குக் கேட்பது, நாலு அடி நடப்பது, அவர் திரும்பக் கூப்பிடுவது, ஐந்துக்கு முடிப்பது என்று அது ஒரு தனிக் கலை. ஏமாற்றும் உண்டு. ஆனால் ஏமாற்றியவர் அடுத்த வாரமும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார். 2017 ஜூலை 10ஆம் நாளோடு அந்தச் சந்தை மூடப்பட்டது. இப்போது பக்கத்திலேயே ஜாலான் புசார் ரயில் நிலையம் இருக்கிறது.

அந்தச் சந்தை மூடுவதற்கு முன்பே பழம்பொருள் வியாபாரம் கைப்பேசிக்குள் குடியேறியிருந்தது. இதன் தொடக்கம் அமெரிக்காவில். 1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் என்பவர் ஏலத்துக்கென ஓர் இணையப் பக்கம் அமைத்தார். பின்னாளில் ஈபே என்று உலகமெங்கும் பெயர் பெற்றது அதுதான். அதில் முதலில் விற்றது, பழுதாகிப்போன ஒரு லேசர் சுட்டுக்கோல். விலை 14 டாலர் 83 காசு. பழுதானது என்று தெரிந்துதானே கேட்டீர்கள் என்று அவர் வாங்கியவரிடம் விசாரித்தாராம். பழுதான சுட்டுக்கோல்களைச் சேகரிப்பதே என் பொழுதுபோக்கு என்று பதில் வந்ததாம். எந்தக் குப்பைக்கும் எங்கோ ஓர் ஆள் உண்டு என்ற நம்பிக்கையில் எழுந்த வியாபாரம் அது. சிங்கப்பூரிலேயே 2012ஆம் ஆண்டில், பல்கலைக்கழகப் படிப்பை முடித்த மூன்று இளைஞர்கள் கரோசல் என்ற செயலியைத் தொடங்கினார்கள். அங்கே ஏலம் கூவுவதில்லை. படம் எடுத்துப் போடுவதும், விலை பேசிக்கொள்வதும், ஏதாவது ஒரு ரயில் நிலையத்தில் சந்தித்துப் பொருளை மாற்றிக்கொள்வதும் வழக்கம். இவை தவிர வேறு பல தளங்களும் வந்தன, போயின. எங்கள் கதை நடந்த தளத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

எங்களுள் ஒருவரான ஆசிரியையின் சித்தப்பா மகன் ஈசூனில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அவர்தான் ஓர் ஏலத் தளத்தில் ஆர்மோனியம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பாலிதானா ரீடு, இரட்டைச் சுரம், மூன்றரை ஸ்தாயி என்று எழுதியிருந்தது. படம் பளபளவென்று இருந்தது. படத்தில் சத்தம் கேட்காது என்ற எண்ணம் அப்போது எங்கள் யாருக்கும் வரவில்லை.

தொடக்க விலை ஐம்பது வெள்ளி. ஐந்து ஐந்து வெள்ளியாக ஏறும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாம் அதிகபட்சம் எவ்வளவு தருவோம் என்பதைத் தளத்துக்கு இரகசியமாகச் சொல்லி வைக்கலாம். தளம் அதை மற்றவர்க்குக் காட்டாது. நமக்குப் பதிலாக அதுவே கேட்டுக்கொண்டு போகும். எதிரியை முந்துவதற்கு வேண்டிய அளவு மட்டுமே ஏற்றும். நாங்கள் 150 என்று எழுதி வைத்தோம். மற்றொருவர் 90 வரைதான் எழுதியிருந்தார். ஆகவே திரையில் விலை 95 என்று நின்றது. ஆஹா, 95 வெள்ளிக்கு ஆர்மோனியம் என்று பள்ளியில் அன்று ஒரே கொண்டாட்டம்.

கடைசி நாள் மாலையில் வேறொருவர் 155க்கு ஏற்றிவிட்டார். நாங்கள் 210 என்று மாற்றி எழுதினோம். அவருடைய எல்லை 180 போலிருக்கிறது. விலை 185இல் எங்கள் பெயரில் நின்றது. இரவு ஒன்பது மணிக்கு ஏலம் முடிய வேண்டும். மூவரும் ஒரே கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒன்பது அடிக்க நான்கு விநாடி இருக்கையில், அதுவரை தலையே காட்டாத ஒருவர் உள்ளே புகுந்தார். விலை 215. முடிந்தது. எங்கள் மனத்துக்குள் 240 வரை போகலாம் என்றிருந்தது. எழுதுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

இது ஏமாற்று அல்ல, நேயர்களே. அந்த ஏலத்தின் விதியே அப்படி. கோவிலில் ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று கூவுகிறோமே, அது எதற்கு? இன்னும் கேட்பவர் உண்டா என்று அவகாசம் கொடுப்பதற்கு. கடிகாரத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. இதை ஆல்வின் ராத், ஆக்ஸல் ஒக்கன்ஃபெல்ஸ் என்னும் இரண்டு பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். குறித்த நேரத்தில் முடியும் ஏலங்களில் கடைசி விநாடியில் பாய்பவர்கள் அதிகமாக இருந்தார்கள். யாராவது கேட்டால் பத்து நிமிடம் நீளும் ஏலங்களில் அந்தப் பாய்ச்சல் குறைவாக இருந்தது. ஆகவே எங்களைத் தோற்கடித்தவரை நாங்கள் குறை சொல்வதற்கில்லை. மனத்திலிருந்த 240ஐ முதலிலேயே எழுதியிருந்தால், கடைசி விநாடியில் வந்தவர் அதைத் தாண்டத் துணிந்திருப்பாரா என்பது அவருக்குத்தான் தெரியும். தாண்டியிருந்தாலும் எங்களுக்கு ஏக்கம் இருந்திராது.

அடுத்த வாரம் வேறோர் ஆர்மோனியம் வந்தது. இம்முறை 165 வெள்ளிக்கு நாங்களே வென்றோம். வாழ்த்துச் செய்தி கூட வந்தது. மறுநாள் விற்பவர் இரண்டு வரி எழுதினார்: விலை மிகவும் குறைந்துவிட்டது, பொருளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான். ஏலத்தில் சுத்தியல் விழுந்தால் விற்பனை முடிந்தது என்பது நாடறிந்த சட்டம். ஆனால் யாரைப் போய்ப் பிடிப்பது? சிங்கப்பூரில் 1985 முதல் சிறு உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே கொண்டுபோகலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை, சொல்லப்போனால் வழக்கறிஞருக்கு அங்கே இடமே இல்லை. ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். எங்கள் எதிராளியின் பெயர் ஒரு பூவின் பெயரும் நான்கு எண்களும்.

இந்த இரண்டு ஏமாற்றங்களும் எங்களை எந்த நிலையில் கொண்டுபோய் விட்டன என்பதைச் சொன்னால்தான் மூன்றாவது புரியும். பள்ளி வாசலில் பிள்ளைகள், ஆர்மோனியம் வந்துவிட்டதா சார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். போட்டிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. தோற்றவன் அவசரப்படுவான். அந்த அவசரத்தை அறிந்தவன் எங்கேயோ இருந்தான்.

ஒரு செய்தி வந்தது. முதல் ஆர்மோனியத்தை விற்பவர் எழுதுவது போல் இருந்தது. ஏலத்தில் வென்றவர் பணம் கட்டவில்லை. உங்களுக்கு அடுத்த இடம். நீங்கள் கேட்ட 210 வெள்ளிக்கே தருகிறேன் என்று கண்டிருந்தது. அதே படங்களும் கூடவே வந்தன. எங்கள் தொகை எப்படித் தெரியும் என்றால், அந்தத் தளத்தில் ஏலம் முடிந்ததும் யார் எவ்வளவு கேட்டார் என்ற விவரம் எல்லார்க்கும் தெரியும்படி இருந்தது. தளத்தின் வழியாகக் கட்டினால் கட்டணம் பிடிப்பார்கள், நேரே அனுப்பிவிடுங்கள், ஈசூனுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றும் எழுதியிருந்தார். வென்றவர் விலகினால் இரண்டாம் ஆளுக்குக் கொடுக்கும் முறை சில ஏலத் தளங்களில் உண்மையாகவே உண்டு. அதனால்தான் பொய்யும் உண்மை போல் தெரிந்தது. உண்மையான அழைப்பு தளத்துக்குள்ளேதான் வரும். பணமும் தளத்துக்குள்ளேதான் போகும். வெளியே வா என்று கூப்பிட்டால் அது வேறு ஆள். இதை நாங்கள் பின்னர்தான் கற்றுக்கொண்டோம்.

ஈசூன் தம்பி பேநவ் வழியாக 210 வெள்ளியை அனுப்பினார். சிங்கப்பூரில் 2017 ஜூலையில் வந்த ஏற்பாடு இது. கைப்பேசி எண்ணை அடித்தால் கண்மூடித் திறப்பதற்குள் பணம் அடுத்தவர் கணக்கில் விழும். 2023 நவம்பர் முதல் நம்முடைய டூயிட்நவ்வோடும் அதை இணைத்துவிட்டார்கள். வசதிதான். ஆனால் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு வேகமாகத் திரும்பி வருவதில்லை. இன்று மாலை வருகிறேன் என்று பதில் வந்தது. மாலை நாளையாயிற்று. நாளைக்குப் பிறகு செய்தி போய்ச் சேரவே இல்லை. உண்மையான விற்பனையாளரைத் தளத்தின் வழியே தேடிப் பிடித்துக் கேட்டோம். அவர் பாவம், திகைத்துப் போனார். அந்த ஆர்மோனியம் வென்றவர் வீட்டில் இரண்டு வாரமாக வாசிக்கப்படுகிறதாம்.

தம்பி அக்கம்பக்கப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தார், வங்கிக்கும் சொன்னார். அதற்குள் அந்தக் கணக்கு துடைத்து வைத்த சட்டி போல் இருந்தது. எங்களைப் போன்றவர்கள் கொஞ்சம் பேர் அல்லர். 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூர்ப் போலீசாருக்கு 50,000க்கும் மேற்பட்ட மோசடிப் புகார்கள் வந்தன. இழப்பு ஏறக்குறைய 110 கோடி வெள்ளி. எண்ணிக்கையில் முன்னால் நின்றது இணையத்தில் வாங்கல் விற்றலில் நடந்த மோசடிதான். இப்போது அங்கே 1799 என்ற எண்ணை அழைத்தால், இது மோசடியா என்று பணம் அனுப்புவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நம் மலேசியாவில், ஏமாந்து பணத்தை அனுப்பிவிட்டவர் உடனே அழைக்க வேண்டிய எண் 997. நம் போலீசாரின் செமாக் மியூல் என்ற பக்கமும் இருக்கிறது. விற்பவரின் வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ அதில் அடித்தால், அதன்மேல் முன்பே புகார் உண்டா என்று காட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் போய் விழும் அந்தக் கணக்கு பெரும்பாலும் மோசடிக்காரனுடைய சொந்தக் கணக்காக இருப்பதில்லை. யாரோ ஓர் ஏழைப் பையனுடையதாக இருக்கும். உன் வங்கி அட்டையைக் கொடு, மாதம் சில நூறு தருகிறேன் என்று ஆசை காட்டி வாங்கியிருப்பார்கள். அப்படிக் கொடுப்பது குற்றம். போலீஸ் முதலில் தட்டும் கதவு அந்தப் பையனின் வீட்டுக் கதவுதான். லயத்துப் பையன்களிடம் யாராவது இப்படி அட்டை கேட்டு வந்தால், தாய்மார்களே, தயவுசெய்து விரட்டிவிடுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளி மண்டபத்தில் பெற்றோரைக் கூட்டினோம். மறைத்திருக்கலாம். தவணை, தாமதம், சுங்கச் சிக்கல் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். எங்களில் ஒருவர் அப்படித்தான் யோசனையும் சொன்னார். ஆனால் பணம் எங்களுடையதன்று. தலைமையாசிரியர் முன்னிலையில் நடந்ததை நடந்தபடி சொன்னோம். மண்டபத்தில் சிறிது நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாய் எழுந்தார்.

"படத்தைப் பார்த்தா பணத்தைக் கொடுத்தீங்க வாத்தியாரய்யா? இருபது வெள்ளிக்கு எத்தனை மூட்டை உதிரி பொறுக்கணும்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தெரியாது என்று சொல்லவும் வரவில்லை. போன பணத்தை நாங்கள் மூவரும் ஈடுகட்டுவோம் என்று சொல்லி உட்கார்ந்தோம். அந்தத் தாயே கூட்டம் முடிந்து போகும்போது, பிள்ளைங்க பாட்டை நிறுத்திடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையில் மிச்சம் தொண்ணூறு வெள்ளி. எங்களில் ஒருவரின் தாயார் வைத்திருந்த பழைய சிங்கர் தையல் இயந்திரத்தின் தலைப்பகுதி சும்மா கிடந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தீபாவளிச் சட்டை தைத்துத் தேய்ந்த இயந்திரம். சிங்கப்பூரில் அதை விரும்பி வாங்குவோர் உண்டு என்று கேள்விப்பட்டு, ஈசூன் தம்பி மூலம் படம் எடுத்து, 200 வெள்ளி என்று போட்டோம். வாங்கப் போனவர்கள் இப்போது விற்கப் போனோம்.

விற்பவர் படும் பாடு வேறு வகை. இருக்கிறதா என்று கேட்டவர்கள் இருபதுக்கு மேல். இருக்கிறது என்றதும் ஆளைக் காணோம். கடைசி விலை என்ன என்று கேட்டவர்கள் ஒரு பத்துப் பேர். பொருளைப் பார்க்கவில்லை, வணக்கம் கூடச் சொல்லவில்லை, கடைசி விலை மட்டும் வேண்டும். ஒருவர் முப்பது வெள்ளிக்குக் கேட்டார். எங்களுக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர் பேரிலும் நியாயம் இருந்தது. 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியல் அறிஞர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். பழைய காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லாக் காரையும் பழுதானது என்றே வைத்து விலை கேட்பான். அந்த விலைக்கு நல்ல காரை வைத்திருப்பவன் கொடுக்க மாட்டான், வீட்டிலேயே வைத்துக்கொள்வான். கடைசியில் சந்தையில் பழுதுதான் மிஞ்சும் என்பது அவர் விளக்கம். எங்கள் இயந்திரம் நன்றாகத் தைக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். முப்பது வெள்ளிக்காரருக்கு எப்படித் தெரியும்? ஆர்மோனியத்தில் அவர் இடத்தில் நாங்கள் இருந்தோம். இப்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

180க்கு ஒருவர் ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, லிட்டில் இந்தியா ரயில் நிலைய வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு. பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாத இரும்பை அரிசிச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு நின்றோம். ஞாயிறு மாலையில் அந்த வட்டாரம் எப்படியிருக்கும் என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். ஓய்வு நாளைக் கழிக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளத் தம்பிமார் ஆயிரக்கணக்கில். ஒன்றரை மணி நேரம் நின்றோம். கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் வரவே இல்லை. எதிரே பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்த அம்மாள், யாருக்குத் தம்பி காத்துக்கிட்டு இருக்கீங்க என்று மூன்று முறை கேட்டுவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஓர் இளைஞர் வந்தார். துண்டுத்துணி, நூல் எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தார். நிலையத்து ஓரமாய் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி நாலு தையல் போட்டுப் பார்த்தார். 160 வெள்ளி எண்ணிக் கொடுத்தார். சோதித்து வாங்குபவர் மேல் எங்களுக்கு மரியாதை தோன்றிற்று. பிறகு தளத்தில் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டு, ஊசி வளைந்திருந்தது என்று எழுதியிருந்தார். ஊசி பத்துக் காசு. ஆனாலும் வளைந்திருந்தது உண்மைதான். ஈபேயில் 2008ஆம் ஆண்டு முதல் விற்பவர் வாங்குபவரைக் குறைகூறி மதிப்பெண் போட முடியாது; வாங்குபவர் மட்டும் போடலாம். விற்பவர்கள் பழிக்குப் பழியாக எழுதிவிடுவார்கள் என்று பயந்து வாங்குபவர்கள் உண்மையை எழுதாமல் இருந்ததால் அப்படி மாற்றினார்களாம். எங்களுக்கு வராமல் போனாரே அந்த 180 வெள்ளிக்காரர், அவருக்கு எத்தனை நட்சத்திரம் என்று யாரும் கேட்கவில்லை.

தொண்ணூறும் நூற்றறுபதும் இருநூற்றைம்பது. போட்டி முடிந்து போயிருந்தது. எங்கள் பிள்ளைகள் சுருதிப்பெட்டியை இரவல் வாங்கிப் பாடிவிட்டு வந்தார்கள். அப்போதுதான் இன்னொரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஏலம் இல்லை. விலை 250 வெள்ளி, குறைக்கமாட்டேன், வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்து எடுத்துப்போகவும் என்று தமிழிலேயே எழுதியிருந்தது. முதல் படம் ஆர்மோனியத்தின் முகப்பு அல்ல. துருத்தியின் ஓரத்தில் தோல் வெடித்திருந்த இடம். இரண்டாவது படம், அமுக்கினால் எழாமல் ஒட்டிக்கொள்ளும் ஒரு கட்டை. மூன்றாவதில்தான் முழுப் பெட்டியும் தெரிந்தது.

பஃபலோ ரோட்டில், தேக்கா சந்தைக்கு மேலேயுள்ள அடுக்குமாடி வீடு. கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் கதவைத் திறந்தார். பாடியவர் அவர் மனைவி. இறந்து மூன்று ஆண்டு ஆகிறதாம். பெரியவருக்கு விரல் மடங்குவதில்லை. எங்கள் ஆசிரியை உட்கார்ந்து முக்கால் மணி நேரம் வாசித்தார். ஒவ்வொரு ஸ்டாப்பரையும் இழுத்துப் பார்த்தார். பெரியவர் காப்பி கொடுத்தார். பணத்தை எண்ணிக் கொடுத்தபோது அவர் எண்ணவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, எந்தப் பள்ளிக்கூடம் என்று இரண்டாம் முறை கேட்டார்.

ஜோகூர் பாருவில் சுங்கச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்து, கொஞ்சம் வாசித்தும் காட்டினோம். அதிகாரி சிரித்துக்கொண்டே போகச் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு நடக்கும்போதே பெரியவரைக் கைப்பேசியில் அழைத்து, பிள்ளைகள் பாடுவதைக் கேட்கச் செய்தோம். பாட்டு முடிந்தது. அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. கம்பி அறுந்துவிட்டதோ என்று நினைத்தோம். பிறகு அவர் பேசினார்.

"அந்தக் கட்டை இன்னும் ஒட்டுது பாருங்க. அவளும் அதை இடது விரலாலதான் தூக்கிவிட்டுக்கிட்டே வாசிப்பா."